ஓஸ்லோவின் வல்லூறு: ஜெனோ கோலோ



முதல் வருடம் மெக்கானிக்ஸ் பேப்பரில் சாய்தளக் கணக்கு ஒண்ணு வருமே, ஞாபகம் இருக்கா? ஒரு சரிவு, அதன் மேலே ஒரு கட்டை, உராய்வுக் கெழு இவ்வளவு. கட்டை சறுக்குமா, சறுக்காதா? சறுக்கினால் முடுக்கம் என்ன? இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வாழ்க்கையில் என்ன பண்ணப்போறோம் என்று பின் பெஞ்சில் முணுமுணுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். கணக்கின் கடைசியில் தவறாமல் ஒரு வரி இருக்கும், காற்றுத் தடையை விட்டுவிடவும் என்று. நாமும் சந்தோஷமாக விட்டுவிடுவோம். ஒரு உறுப்பு குறைஞ்சா ஒரு தப்பு குறையும் அல்லவா!

நான் எழுதப்போவது அந்தச் சாய்தளத்தில் கட்டைக்குப் பதிலாகத் தானே நின்ற ஒரு மனிதரைப் பற்றி. காற்றுத் தடையை அவரால் விட்டுவிட முடியவில்லை. பனிமலைச் சரிவில் மணிக்கு 159 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது காற்றுதானே எதிரில் நிற்கும் சுவர்! அவர் பெயர் ஜெனோ கோலோ. இத்தாலி நாட்டுப் பனிச்சறுக்கு வீரர். பனியையே பார்க்காத நான் எதற்காக இவரைத் தேடிப் பிடித்தேன் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன்.

பெரிய மரத்து ஊர்

இத்தாலியின் நடுப்பகுதியில் டஸ்கனி என்று ஒரு மாநிலம். அங்கே பிஸ்தோயா மாவட்டத்தின் மலைப்பகுதியில், ஏறக்குறைய 1400 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய் ஊர் அபெத்தோனே. ஃபிர் என்று ஒரு ஊசியிலை மரம் உண்டு. மலைப்பாதை போட்டபோது அங்கே நின்ற ராட்சத ஃபிர் மரத்தை வைத்துத்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது. சுற்றிலும் காடு, குளிர்காலம் பூராவும் பனி. 1920 ஜூன் 30 அன்று இந்த மலைப்பகுதியில்தான் கோலோ பிறந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலைச் சரிவில் இறங்கும் பனிச்சறுக்குக்கு ஆல்பைன் என்று பெயர். ஆல்ப்ஸ் மலையை வைத்து வந்த பெயர். ஆனால் அபெத்தோனே ஆல்ப்ஸிலேயே இல்லை! அது அப்பென்னைன் மலைத்தொடரைச் சேர்ந்தது. ஆல்ப்ஸ்காரர்கள் கோலோச்சிய விளையாட்டில் வெளியூர்க்காரராக நுழைந்தவர் இவர். இவர் மட்டுமா? இதே ஊரில் இதே 1920-ல் பிறந்த செலினா சேகி என்ற பெண்ணும் பின்னாளில் உலகப் போட்டியில் பதக்கம் வாங்கினார். ஒரு சின்ன ஊருக்கு இது பெரிய விஷயம்தானே.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். அந்தக் காலத்தில் மூன்று வகைப் பந்தயங்கள் முக்கியம். டவுன்ஹில் என்றால் மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே ஓட்டமாக இறங்குவது. இங்கே வேகம்தான் எல்லாம். ஸ்லாலம் என்றால் நெருக்கமாக நட்ட கம்புகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வருவது. இதற்குச் சாமர்த்தியம் வேணும். இரண்டுக்கும் நடுவில், கம்புகளைத் தள்ளித் தள்ளி நட்டு வைத்தால் அது ஜயண்ட் ஸ்லாலம். இதற்கு இரண்டும் வேணும்.

அன்றைய சாமான்களையும் தெரிஞ்சுக்கணும். காலில் இரண்டு நீளமான மரப் பலகை. பனியைப் பிடிக்க அதன் ஓரத்தில் எஃகுப் பட்டை. தோல் பூட்ஸ். பூட்ஸைப் பலகையோடு இழுத்துப் பிடிக்க கேபிள். இன்றைக்கு விழுந்தால் பலகை தானாகவே கழன்றுவிடும். அன்றைய கேபிள் கட்டில் அந்த வசதி கிடையாது. விழுந்தால் பலகையோடு காலும் திருகும். தலையில் ஹெல்மெட்டும் இல்லை.

போர் தின்ற வயசு

விளையாட்டு வீரனுக்கு 20 முதல் 25 வரை பொன்னான வயசு. கோலோவுக்கு அந்த ஐந்து வருடமும் இரண்டாம் உலகப் போரில் போச்சு. 1939-ல் போர் ஆரம்பித்தபோது அவருக்கு 19 வயசு. 1940-ன் குளிர்கால ஒலிம்பிக் நடக்கவில்லை. 1944-ன் ஒலிம்பிக்கை இத்தாலியிலேயே கோர்த்தினா தாம்பெட்ஸோ என்ற ஊருக்குக் கொடுத்திருந்தார்கள். சொந்த நாட்டில், 23 வயசில், சொந்த ஜனங்கள் பார்க்க ஓடியிருக்க வேண்டியவர். அதுவும் ரத்து. இந்தக் கோர்த்தினா என்ற பெயரை மட்டும் மனசில் வெச்சுக்குங்க, பின்னால் திரும்ப வரும்.

1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளோடு போர் நிறுத்தம் செய்துகொண்டது. உடனே ஜெர்மன் படை இத்தாலிக்குள் பரவியது. ஆயிரக்கணக்கான இத்தாலியச் சிப்பாய்கள் எல்லை தாண்டி நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்தார்கள். கோலோவும் அப்படி அங்கே தடுப்பில் இருந்தவர்தான். போர் முடிந்தபோது வயசு 25. வயசில் சீனியர்!

159.292

1947 மே 9. செர்வீனியா என்ற ஊருக்கு மேலே, ஏறக்குறைய 3500 மீட்டர் உயரத்தில் பிளாட்டோ ரோஸா என்ற பனிப்பாறைச் சரிவு. அங்கே வேகச் சாதனை முயற்சி. கோலோ இறங்கினார். கடிகாரம் காட்டியது மணிக்கு 159.292 கிலோமீட்டர். அதற்கு முன்பிருந்த சாதனை 140-ஐக்கூடத் தொடவில்லை.

நம்ம கணக்குப்படி போட்டுப் பாருங்க. 159.292-ஐ 3.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு 44 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கபடி மைதானத்தின் நீளம் 13 மீட்டர். கண்ணை மூடித் திறக்கும் ஒரு வினாடிக்குள் மூன்று மைதானங்களுக்கு மேல் தாண்டியாச்சு. அதுவும் மரப் பலகை, தோல் பூட்ஸ், வெறும் தலையோடு!

இந்த இடத்தில்தான் விட்டுவிட்ட காற்றுத் தடை திரும்ப வருகிறது. சரிவில் நிற்கும் மனிதரைக் கீழே இழுப்பது அவர் எடையின் சரிவுத் திசைக் கூறு. எதிர்ப்பது இரண்டு. ஒன்று, பலகைக்கும் பனிக்கும் நடுவிலுள்ள உராய்வு. மற்றது காற்று. உராய்வு வேகத்தோடு பெரிசாக ஏறாது. காற்றுத் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 160-க்குப் போனால் வேகம் இரட்டிப்பு, தடை நான்கு மடங்கு. இழுப்பும் எதிர்ப்பும் சமமாகும் கட்டத்தில் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது.

அப்போ என்ன செய்யலாம்? காற்றின் அடர்த்தியைக் குறைக்கலாம். அதனால்தான் இந்த முயற்சிகளை உயரத்தில் வைக்கிறார்கள். 3500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. அடுத்து, காற்றுக்குக் காட்டும் பரப்பைக் குறைக்கலாம். கோலோ செய்தது இதைத்தான். முழங்காலை நன்றாக மடித்து, முதுகைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து, கைகளை முன்னால் ஒடுக்கி உடம்பையே ஒரு முட்டை மாதிரி ஆக்கிக்கொண்டார். இதை அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரம் தடவை இறங்கி, உடம்பால் உணர்ந்து கண்டார். பிற்பாடு பிரெஞ்சு அணி இந்த நிலையை ஒரு முறையாகவே வளர்த்தது. 1960 ஒலிம்பிக்கில் ழான் வுவார்னே உலோகப் பலகையும் முட்டை நிலையுமாக டவுன்ஹில் தங்கம் வென்றார். இன்று டிவியில் எந்த டவுன்ஹில் பந்தயத்தைப் பார்த்தாலும் எல்லாரும் அப்படித்தான் குனிந்து வருவார்கள். அந்தப் பாதையில் முன்னால் போனவர்களில் ஒருவர் இந்த மலைக் கிராமத்துக்காரர்.

ஆஸ்பென் முதல் ஓஸ்லோ வரை

வேகம் இருந்தால் மட்டும் பதக்கம் வந்துவிடுமா? 1948-ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் கோலோவுக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. டவுன்ஹில் தங்கம் பிரான்சின் ஆன்ரி ஒரேயேவுக்குப் போச்சு. உலகத்திலேயே வேகமான மனிதர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

இரண்டு வருடம் கழித்து, 1950 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்பெனில் உலகச் சாம்பியன் போட்டி. ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர் அது. ஐரோப்பாவுக்கு வெளியே உலகப் போட்டி நடந்தது அதுவே முதல் முறை. ஜயண்ட் ஸ்லாலம் உலகப் போட்டியில் சேர்க்கப்பட்டதும் அங்கேதான். அதில் தங்கம் கோலோவுக்கு. டவுன்ஹில்லிலும் தங்கம். ஸ்லாலத்தில் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் ஷ்னைடருக்கு அடுத்து வெள்ளி. மூன்று பந்தயம், இரண்டு தங்கம், ஒரு வெள்ளி! அவர் ஊர்க்காரப் பெண் செலினா சேகிக்கும் அங்கே ஸ்லாலத்தில் வெண்கலம்.

அடுத்தது 1952, நார்வேயின் ஓஸ்லோ ஒலிம்பிக். வயசு 31. டவுன்ஹில் பந்தயம் ஓஸ்லோவுக்கு வெளியே நோரெஃப்யெல் மலையில். பிப்ரவரி 15 அன்று ஜயண்ட் ஸ்லாலத்தில் கோலோவுக்கு நாலாவது இடம். நாலாவது இடம் எவ்வளவு கசக்கும் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். ஒரே ஒரு ராத்திரிதான் நடுவில். மறுநாள் 16-ஆம் தேதி டவுன்ஹில். 2 நிமிடம் 30.8 வினாடியில் கோலோ இறங்கி முடித்தார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரியாவின் ஓத்மார் ஷ்னைடரைவிட 1.2 வினாடி வேகம். ஆல்பைன் பனிச்சறுக்கில் இத்தாலிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். ஆண்கள் டவுன்ஹில்லில் அதற்குப் பிறகு 2022 வரை எழுபது வருடம் எந்த இத்தாலியரும் ஒலிம்பிக் தங்கம் வாங்கவில்லை என்றால் அதன் அருமை புரியும். இத்தாலியப் பத்திரிகைகள் அவருக்கு ஓஸ்லோவின் வல்லூறு என்று பட்டம் கட்டின. ஸ்லாலத்தில் மறுபடியும் நாலாவது இடம்.

ஒரு பூட்ஸும் ஒரு ஜாக்கெட்டும்

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

உலகச் சாம்பியன், ஒலிம்பிக் சாம்பியன். வீட்டுக்கு என்ன கொண்டுவந்தார்? பதக்கம். பதக்கத்தை வைத்துக் கடையில் ரொட்டி வாங்க முடியுமா? ஒரு பனிச்சறுக்கு பூட்ஸுக்கும் ஒரு ஜாக்கெட்டுக்கும் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். அவ்வளவுதான். 1954-ல் இத்தாலியக் குளிர்கால விளையாட்டுக் கூட்டமைப்பு அவரைத் தொழில்முறைக்காரர் என்று சொல்லித் தகுதிநீக்கம் செய்தது. அன்றைய விதி அப்படி. ஒலிம்பிக், உலகப் போட்டி எல்லாம் அமெச்சூர்களுக்கு மட்டும். விளையாட்டால் ஒரு பைசா வந்தாலும் வெளியே!

இந்த அமெச்சூர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பணக்காரர் விளையாட்டுகளிலிருந்து. தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி படகுப் போட்டிக்கு 1879-ல் ஒரு விதி போட்டார்கள். கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்று. ஆமாம் நண்பர்களே, மெக்கானிக்! அவன் படகுக்காகக் காசு வாங்காவிட்டாலும் சரி, கையால் உழைத்துச் சம்பாதிக்கிறான் என்பதே குற்றம். நம்ம டிப்பார்ட்மென்ட் மொத்தமும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். 1937 வரை அந்த விதி இருந்தது.

பனிச்சறுக்கிலும் இதே கதைதான். 1936 ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய ஆசிரியர்களைத் தொழில்முறைக்காரர் என்று விலக்கினார்கள். மலையில் பிறந்தவனுக்கு அந்த மலையில் கிடைக்கும் பிழைப்பே அதுதான். பரம்பரைச் சொத்து உள்ளவன் சும்மா சறுக்கினால் தூய விளையாட்டு. சொத்து இல்லாதவன் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டால் வியாபாரம்! விதியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். பணம் நுழைந்தால் விளையாட்டு கெட்டுப்போகும் என்று அவர்கள் பயந்தார்கள். இன்றைய நிலவரத்தைப் பார்த்தால் அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தூய்மைக்கு யார் விலை கொடுத்தார்கள்? அதுதான் என் கேள்வி.

திரும்ப வந்த கோர்த்தினா

1956 ஜனவரி. போரினால் ஒரு தடவை கைவிட்டுப் போன ஒலிம்பிக் கோர்த்தினாவுக்கு வந்தேவிட்டது. நடப்பு டவுன்ஹில் சாம்பியன் யார்? ஜெனோ கோலோ. சொந்த நாட்டில் பந்தயம். ஓட அனுமதி இல்லை. ஆனால் ஒலிம்பிக் தீபத்தை மலை மேலிருந்து பனிச்சறுக்கில் கொண்டுவர ஆள் வேணும். அதற்குக் கோலோவைக் கூப்பிட்டார்கள்! பந்தயத்துக்கு ஆகாத கை, தீபத்துக்கு ஆகும். கோலோ தீபத்தை ஏந்திச் சரிவில் இறங்கினார். அந்த ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் 20 வயசு டோனி ஸைலர் மூன்று தங்கத்தையும் அள்ளினார். 35 வயசில் கோலோ ஓடியிருந்தால் ஜெயித்திருப்பாரா? ஸைலர் அன்று ஓடிய ஓட்டத்துக்கு அநேகமாக இல்லை. ஆனால் தோற்கிற உரிமையாவது வேண்டாமா?

கோலோ அபெத்தோனேவுக்கே திரும்பினார். பனிச்சறுக்கு ஆசிரியராக இருந்து சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். எந்தத் தொழிலைக் குற்றம் என்றார்களோ அதையே நேர்மையாகச் செய்தார். அந்த மலையின் சரிவுப் பாதைகள் சிலவற்றுக்கு ஜெனோ என்றே பெயர். பிறந்த மண்ணில் தன் பெயரிலேயே ஒரு சாய்தளம் இருப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

விதி மட்டும் நின்றுகொண்டே இருந்தது. 1972-ல் ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்ரான்ஸை இதே காரணத்துக்காகச் சப்போரோ ஒலிம்பிக் தொடங்கச் சில நாள் இருக்கும்போது திருப்பி அனுப்பினார்கள். 1980-ல் இரண்டு தங்கம் வென்ற ஸ்வீடனின் ஸ்டென்மார்க்குக்கு 1984-ல் அனுமதி இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகி, 1980-களின் கடைசியில் கதவு திறந்தது. இன்றைக்குப் பனிச்சறுக்கு வீரர்களின் ஹெல்மெட், உடை, பலகை எல்லாவற்றிலும் கம்பெனிப் பெயர்தான். பந்தயம் முடிந்ததும் பலகையின் பெயர் கேமராவுக்குத் தெரியும்படித் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை என்கிறது இன்றைய விதி.

இத்தாலியக் கூட்டமைப்பு கோலோவின் மேலிருந்த தகுதிநீக்கத்தை நீக்கியது எப்போ தெரியுமா? 1989-ல். முப்பத்தைந்து வருடம் கழித்து! அப்போது அவர் எழுபதை நெருங்கிவிட்டார். அதற்குப் பிறகு நாலே வருடம். 1993 மே 12 அன்று, நுரையீரல் நோயால், தன் மலைப்பகுதியிலேயே கண்ணை மூடினார்.

என் சொந்தக் காரணம்

இப்போ நான் சொன்ன சொந்தக் காரணம். இரண்டாம் வருடம் பரீட்சைக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கியது. கையில் காசு இல்லை. ஒரு ஊர்த் திருவிழாக் கபடிப் போட்டியில் வெளியூர் அணி ஒன்றுக்கு ஆட வந்தால் 500 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். போனேன், ஆடினேன், ஜெயித்தோம். மறுநாள் காலையில் கட்டணம் கட்டினேன். விஷயம் தெரிஞ்சு, காசுக்கு ஆடினவன் கல்லூரிக்கு ஆடக்கூடாது என்று அடுத்த மேட்சில் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். ஒரு மேட்ச்தான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு நானே நான் ஏதோ திருடிவிட்ட மாதிரி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துது.

அந்த வாரம் மைதானத்துப் பக்கமே போகப் பிடிக்காமல் லைப்ரரியில் உட்கார்ந்தபோது, ஒரு பழைய விளையாட்டுப் புத்தகத்தில் கோலோவின் பெயரைப் பார்த்தேன். படிக்கப் படிக்கத் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

இன்னும் சில மாதத்தில் நாம் எல்லாரும் அப்ரண்டிஸ், டிரெய்னி என்று ஆளுக்கொரு பக்கம் போகப்போறோம். கத்துக்கிறதுக்குத்தானே வந்திருக்கே, காசு எதுக்கு என்று கேட்கிற இடங்கள் வரும். அப்போது லேத்தில் நின்ற நேரத்துக்குக் கூலி கேட்கக் கூச்சப்பட்டுத் தலைகுனியாதீங்க. கைவித்தைக்குக் கூலி வாங்குவதால் வித்தையின் மதிப்பு குறையாது. 159.292 என்ற எண்ணை எந்தக் கூட்டமைப்பாலும் குறைக்க முடியவில்லையே!

சாய்தளக் கணக்கு இப்போதும் போடறேன். பரீட்சையில் காற்றுத் தடையை விட்டுவிடச் சொன்னால் விட்டுவிடறேன், மார்க் வேணுமே! வெளியே போகும்போது மட்டும் அதைச் சேர்த்துக்கொண்டுதான் கணக்குப் போடணும் நண்பர்களே. அங்கே காற்று நிச்சயம் எதிரில் நிற்கும். கொஞ்சம் குனியலாம், தப்பில்லை. கோலோவும் குனிந்துதான் இறங்கினார், வேகத்துக்காக.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை